எண்பத்தாறு சதவீதத் திருடி

திருவொற்றியூர் தேரடியில் நான் ஷேர் ஆட்டோ ஏறியபோது செய்தி இப்படி இருந்தது: எண்ணூர்ப் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி ஒரு கல்லூரிக்குள் புகுந்து, பெரிய டாக்டர் ஒருவரை எவர்சில்வர் தூக்கால் மண்டையில் போட்டுவிட்டாள். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் தூக்கு அரிவாள்மனை ஆகிவிட்டது. கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த நேரத்தில் டாக்டருக்குத் தையல் போட்டார்கள். எம்.கே.பி. நகரில் நான் இறங்குவதற்குள் அவர் ஐ.சி.யு.வில் இருந்தார்.

செய்திக்கு ஒரு வாலும் இருந்தது. "பொண்ணு காப்பி அட்ச்சு மாட்டிகிச்சாம். அதக் கேட்டதுக்குத்தான் ஆத்தாக்காரி அட்ச்சுதாம். இதுங்கள்லாம் காலேஜுக்கு வந்தா இப்டித்தான்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அவர் காலடியில் அரைக்கிலோ சங்கரா பையில் கசிந்துகொண்டிருந்தது. மீன் வேண்டும், மீன்காரி மகள் கல்லூரிக்கு வரக்கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு முள் தொண்டையில் சிக்காதது உலகத்தின் பெரிய அநியாயம்.

மண்டை உடைந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று முதலில் தேடினேன். மறுநாள் சாயங்காலமே அவர் வேறொரு கல்லூரி மேடையில் 'எழுத்தில் நேர்மை' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். தலையில் தையல் இல்லை, கட்டு இல்லை, மல்லிகைப்பூ மாலை இறங்கிய தடம்தான் இருந்தது. வதந்தியில் பாதி அங்கேயே செத்தது. மிச்சப் பாதியைத் தேடிக்கொண்டு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துக்குப் போனேன்.

செய்தியில் வந்த பெண் மோகனப்ரியா வாசலில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பி.காம். மூன்றாம் ஆண்டு. அப்பா தாமோதரன் முன்பு ஃபைபர் படகில் போனவர். ஆறு தூர்ந்துபோன பிறகு நிலக்கரி யார்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார். அம்மா குப்பம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். விடிந்ததும் அம்மாவுக்குக் கூடை கட்டிக் கொடுத்துவிட்டு அதே கையோடு கல்லூரிக்கு பஸ் ஏறுகிறவள் மோகனப்ரியா. முதல் வருடம் வகுப்பில் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். இவள் அழவில்லை, சென்ட் அடிக்கவில்லை. காலியான பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சுண்ணே, ரிசர்வேஷன் இல்லாமயே ஃபுல் பெர்த்து."

இன்னொரு வித்தையும் உண்டு அவளிடம். குப்பத்துக்கு வந்துபோன அதிகாரிகள் எல்லோரையும் அப்படியே நடித்துக் காட்டுவாள். சேற்றில் கால் படாமல் பேண்டைத் தூக்கிக்கொண்டு தாவிய தாசில்தார், மூக்கில் கர்சீப்போடு "மாசு எதுவும் தெரியலையே" என்று சொன்ன மாசு அதிகாரி என்று வரிசையாக வருவார்கள். குப்பமே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கும் நடித்துக் காட்டினாள். ஆனால் கல்லூரிக் கதைக்கு வந்ததும் நடிப்பு நின்றுவிட்டது. ஐஸ் பெட்டியை அவள் தேய்த்த தேய்ப்பில் அதன் பெயிண்ட் உரிந்து வந்தது.

கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அது தெரியாமல் யாருக்கும் இதில் கோபம் வராது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆலையின் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலந்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் குப்பத்தார் பார்த்ததைச் சொன்னார்கள். ஒருத்தர் தண்ணீர் கறுப்பாக இருந்தது என்றார், ஒருத்தர் சாம்பல் நிறம் என்றார், இன்னொருத்தர் வெள்ளை என்றார். தண்ணீர் நேரத்துக்கு நேரம் நிறம் மாறியதால் மூன்றும் உண்மைதான். அதிகாரி எழுதினார்: 'சாட்சியங்கள் முரண்படுகின்றன.' விசாரணை முடிந்தது.

அடுத்த தடவை குழாய் உடைந்தபோது குப்பம் உஷாராகிவிட்டது. வலைக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே வாக்குமூலமாகச் செய்துகொண்டார்கள். கையால் இறால் தடவிப் பிடிக்க ஆற்றில் இறங்கியிருந்த குப்பம்மா தான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். அப்போது மோகனப்ரியா பள்ளிக்கூடப் பெண். அவளும் மனப்பாடம் செய்தாள். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்:

"மொதல்ல அரிசி கழுவுன தண்ணி மாரி ஆச்சு. அப்பால சிமிட்டி கரைச்ச மாரி ஆச்சு. எறா வந்து கால்ல மோதுச்சு. செத்துப் போயில்ல, மூச்சு வாங்கிகினு, எங்கள இன்னான்னு கேக்குற மாரி மோதுச்சு."

எல்லோரும் இதையே சொன்னார்கள். அதிகாரி எழுதினார்: 'சாட்சிகள் மனப்பாடம் செய்ததுபோல் பேசுகிறார்கள்.' அந்த விசாரணையும் முடிந்தது.

வேறு வேறாகச் சொன்னால் பொய். ஒன்றாகச் சொன்னாலும் பொய். இந்தக் குப்பத்துக்காரன் எப்படிச் சொன்னால் உண்மை என்று எந்த அரசாணையிலாவது இருந்தால் யாராவது எனக்கு அனுப்பி வையுங்கள்.

இந்த அமளியில் குப்பத்துக்கு வந்தவர்தான் டாக்டர் இசக்கிப்பாண்டி. ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆய்வு டாக்டர். ஃபோனை நீட்டி எல்லோருடைய பேச்சையும் பதிவு செய்தார். குப்பம்மா வீட்டில் சாப்பிட்டார். போன பிறகு புத்தகம் போட்டார். குப்பத்துக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. அப்படி ஒரு புத்தகம் இருப்பதே இந்த வருடம்வரை யாருக்கும் தெரியாது.

இந்த வருடம்தான் கல்லூரியில் 'கல்விசார் எழுத்து' என்று ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். இதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. முதல் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. 'எதிர்பார்ப்புகளும் கொள்கைகளும்' என்று ஒரு கையேடு கொடுத்தார்கள். தாமதமாக ஒப்படைத்தால் நாளுக்கு இவ்வளவு மதிப்பெண் வெட்டு. 'நான்' என்ற சொல் கட்டுரையில் வரக்கூடாது. எதைச் சொன்னாலும் அதை முன்னால் எவர் சொன்னார் என்று காட்ட வேண்டும். ஆனால் எல்லாம் சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும். 'நான்' இல்லாத சொந்தச் சொல்லை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கையேட்டில் இல்லை.

கையேட்டை நானும் வாங்கிப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி: 'கடும் பனிப்பொழிவு நாட்களில் வகுப்புகள் ரத்து செய்யப்படும், மாணவர்கள் இணையதளத்தைப் பார்க்கவும்.'

திருவொற்றியூரில் பனிப்பொழிவு! எந்தத் தேசத்துக் கல்லூரிக் கையேட்டை உரித்து இங்கே ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. முன்னால் எவர் சொன்னார் என்ற குறிப்பு அதில் இல்லை. காப்பியடிப்பதைக் கண்டிக்கும் அத்தியாயம்தான் அதில் மிக நீளமானது.

மோகனப்ரியா வகுப்பிலேயே எழுந்து கேட்டாளாம்: "சார், எங்க ஏரியாவுல சாம்பல் வுழுது சார். அதுக்கு லீவு உண்டா?"

பாடம் நடத்தும் தேவப்பிரியம் சார் சிரித்துவிட்டார். ஒப்பந்த ஆசிரியர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் பார்த்தபோது அவரே சொன்னார்: "ஒரே வாரத்துல தமிழாக்கம் பண்ணிக் குடுன்னு சொன்னாங்க. பனிய எடுக்க மறந்துட்டேன்." பிறகு மெல்ல, "எடுத்திருந்தா மட்டும் என்ன" என்றார்.

முதல் ஒப்படைப்பு: 'உங்கள் பகுதியில் நிகழ்ந்த ஒரு சம்பவம்.' மோகனப்ரியா குழாய் உடைந்ததை எழுதினாள். அவளுக்கு அதை வேறு மாதிரி எழுதத் தெரியாது. அது அவள் உடம்பில் அந்த வார்த்தைகளாகத்தான் இருக்கிறது. பேச்சைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கி, 'இறால்கள் மூச்சு வாங்கியபடி, என்ன என்று கேட்பதுபோல் கால்களில் மோதின' என்று எழுதினாள். தேவப்பிரியம் சார் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'யாருடைய கால்கள்?' 'நான்' வரக்கூடாதே, கால் மட்டும் எப்படி வரும்?

கட்டுரையைக் கணினிக்குள் போட்டார்கள். கணினி துப்பியது: எண்பத்தாறு சதவீதம் திருட்டு. எங்கிருந்து திருடியது என்பதையும் அதுவே சொன்னது. ஒன்று, அதே குப்பத்திலிருந்து பி.எஸ்ஸி. படிக்கும் வெற்றியின் கட்டுரை. அவனும் அதே வலைக் கொட்டகையில் மனப்பாடம் செய்தவன்தானே! இன்னொன்று, டாக்டர் இசக்கிப்பாண்டியின் புத்தகம், நாற்பத்தோராம் பக்கம். அரிசி கழுவிய நீர், சிமெண்ட் கரைத்த நீர், கேள்வி கேட்கும் இறால் எல்லாம் அங்கே இருந்தன. மேற்கோள் குறி இல்லை, குப்பம்மா இல்லை. 'ஆய்வாளர் கண்ட காட்சி' என்று தலைப்பு மட்டும் இருந்தது.

ஆய்வாளர் கண்டாராம். குழாய் உடைந்த அன்று ஆய்வாளர் இந்த ஊரிலேயே இல்லை.

கொள்கைப்படி திருடியவருக்கு இரண்டு வழி. 'பிறருடைய எழுத்தை என்னுடையதாகக் காட்டினேன்' என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், வேறு கட்டுரை எழுதிப் பாதி மதிப்பெண் வாங்கலாம். போடாவிட்டால் பூஜ்யம், அரியர். வெற்றி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். "இன்னாமே, ஒரு கையெழுத்துதான. போட்டுட்டுப் போவியா, பேஜாரு பண்ணிகினு கீற" என்று இவளிடம் சொல்லியிருக்கிறான்.

மோகனப்ரியா போடவில்லை. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் குப்பத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர்கள் உண்டு, நாற்காலியில் உட்காரப் போனவர்கள் இல்லை. வேலைக்கு ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டால் நாற்காலி. போடாவிட்டால் ஐஸ் பெட்டி.

"எங்கம்மா வாயிலேர்ந்து வந்ததண்ணே அது. அத நான் திருடுனேன்னு எழுதித் தரணுமாம். யாராண்ட திருடுனேன்? அந்தாளாண்டயாம்!" என்று என்னிடம் சொன்னாள். உடனே தண்ணீரை மொண்டு பெட்டியில் அடித்தாள். என் பேண்டும் நனைந்தது. தகும்.

கையெழுத்துப் போடாத மாணவியின் பெற்றோர் நேர்மைக் குழு முன்னால் வர வேண்டும் என்று இன்னொரு விதி. குப்பம்மா வந்தாள். மீன் கூடையை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டிலேயே வைத்துவிட்டு, "பூனை வந்தா நீதான் பொறுப்பு" என்று அவனிடம் ஒப்படைத்துவிட்டு முதல்வர் அறைக்குப் போனாள். உள்ளே முதல்வர், தேவப்பிரியம் சார், குழுவின் வெளி உறுப்பினரான நிபுணர் ஒருவர். நிபுணர் வேறு யாருமில்லை, டாக்டர் இசக்கிப்பாண்டியேதான். தன் பொருள் திருட்டுப் போன வழக்கில் தானே நீதிபதி. இதைத் தடுக்கும் விதி அந்தக் கையேட்டில் இல்லை. பனிக்கு இருக்கிறது.

டாக்டருக்குக் குப்பம்மாவை அடையாளம் தெரியவில்லை. கனிவாகத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க பொண்ணு திறமைசாலி. ஆனா இது என் புத்தகத்துல அப்படியே இருக்கு. சொந்தமா எழுதப் பழகணும் இல்லையா?"

குப்பம்மா அவரையே பார்த்தாள்.

"நைனா, நீ எங்கூட்டுக்கு வந்துக்கீற இல்ல? ஃபோன நீட்டிகினு?"

"நிறைய வீட்டுக்குப் போயிருக்கேம்மா. களப்பணி."

"எறாத் தொக்கு துன்ன. கண்ணுல தண்ணி வுட்டுகினு, இன்னும் கொஞ்சம் போடுமான்னு கேட்டுத் துன்ன."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். "அடடா! நீங்களா? என்ன தொக்கும்மா அது! இன்னும் நாக்குலயே நிக்குது. எங்க வீட்டுல கூட அடிக்கடி..."

அங்கே நிறுத்தினார். தேவப்பிரியம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல்வர் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

மோகனப்ரியா கேட்டாள்: "அப்ப எங்கூட்டுக்கு வந்தது நெசம், துன்னது நெசம், எங்கம்மா சொல்லக் கேட்டது நெசம். கேட்டத எழுதுனா மட்டும் அது எப்டி சார் உங்களுது?"

"அது தரவும்மா. தரவு யாருக்கும் தனிப்பட்ட சொந்தம் கிடையாது. அதை எழுத்தாக்கினவங்களுக்குத்தான்..."

"தரவோ கிரவோ," குப்பம்மா குறுக்கே விழுந்தாள். "வூட்டுக்காரம்மாவுக்குன்னு மிச்சத் தொக்க ஒரு தூக்குல வாங்கிகினு போன இல்ல? நாளைக்கே அனுப்புறேன்னு சொன்ன இல்ல? அந்தத் தூக்கு எனுக்குச் சொந்தம். எங்கம்மா சீரு குட்த்தது. பேரு வெட்டிக்கீது."

"எந்தத் தூக்கும்மா?"

"இவ்ளோ பெருசு!" என்று கையை உயர்த்தி அளவு காட்டினாள். கை போய் நின்ற இடம் டாக்டரின் தலைக்குப் பக்கத்தில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே டீ தட்டோடு நின்ற பியூன் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான், கேட்டது 'தூக்கு' என்ற சொல்லை மட்டும்தான். அவர் சாயங்காலம் ஷேர் ஆட்டோ ஏறினார். மீதி உங்களுக்குத் தெரியும்.

டாக்டர் நாற்காலியோடு பின்னால் போய், "தேடி அனுப்பி வைக்கிறேம்மா" என்றார். முதல்வர் கையேட்டைப் புரட்டி, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்: 'இக்கொள்கைகள் மாணவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.' அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்றார்.

மோகனப்ரியாவுக்கு உண்மையில் அடிக்கத்தான் கை துடித்ததாம். வெளியே வந்ததும் அம்மாவிடம் சீறினாள்: "நீ இன்னாம்மா, நான் இன்னாவோ கேட்டுகினு இருக்கேன், நீ தூக்கு தூக்குன்னு மானத்த வாங்குற?"

குப்பம்மா வாட்ச்மேனிடமிருந்து கூடையை வாங்கி, குனிந்து மீனை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பேச்சு போனா போவுது, வாய்ல இன்னும் கீது. நீ கையெழுத்தப் போட்டுட்டு வேலைக்குப் போ. தூக்க நான் வுட மாட்டேன்."

கடைசி நாளில் மோகனப்ரியா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வெற்றி அதில் 'தெரியாமல்' என்று எழுதியிருந்தான். இவள் எழுதினாள்: 'நான் எடுத்தது என் அம்மா குப்பம்மாவிடமிருந்து. டாக்டர் இசக்கிப்பாண்டி எடுத்ததும் அங்கிருந்துதான். நான் வீட்டில் எடுத்தேன். அவர் வந்து எடுத்தார்.' ஒரே கட்டத்தில் இரண்டு 'நான்'.

இதைப் படித்து யாராவது கூப்பிடுவார்கள், அப்போது ஒரு கை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. முதல்வர் முத்திரை குத்தினார். டாக்டரும் குழு உறுப்பினராக, தன் பெயர் இருந்த அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். "கையெழுத்து இருக்கான்னு பார்த்தாங்க, அவ்வளவுதான்" என்றார் தேவப்பிரியம் சார். நீங்கள் படித்தீர்களா என்று கேட்டேன். "படிச்சேன். அதனாலதான் மேல அனுப்பினேன்" என்றார். வீரமா, சோம்பலா என்று கேட்க நினைத்தேன். ஒப்பந்தக்காரரிடம் அதையெல்லாம் கேட்கக்கூடாது. எழுத்துப் பாடம் நடத்த ஒரு துறை, எழுதியதைச் சோதிக்க ஒரு கணினி, நேர்மையைக் காக்க ஒரு குழு. எழுதியதைப் படிக்க அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு ஒப்பந்தக்கூலி.

மறுபடி எழுதிய கட்டுரையும் அதே சம்பவம்தான். இந்த முறை கணினிக்கு ஏற்ற மாதிரி எழுதினாள். 'நீர்நிலையின் நிறத்தில் படிப்படியான மாற்றம் அவதானிக்கப்பட்டது. ஓட்டுடலி உயிரினங்களிடையே சுவாசத் தடுமாற்றம் காணப்பட்டது.' நான்கு சதவீதம்தான் திருட்டு. பாராட்டுக் குறிப்பும் வந்தது. வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். குப்பம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம், இது எந்த ஊர்ல நடந்துச்சு?" என்றாள்.

இப்போது மோகனப்ரியா ராயபுரத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீசில் மேனேஜரை நடித்துக் காட்டி மாட்டிக்கொண்டு ஒருமுறை எச்சரிக்கை வாங்கியாகிவிட்டது. அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நானும் சொல்லவில்லை. டாக்டர் இசக்கிப்பாண்டியின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதே நாற்பத்தோராம் பக்கம், அதே ஆய்வாளர், அதே காட்சி.

மார்க்கெட்டில் குப்பம்மாவைப் போய்ப் பார்த்தேன். கத்தியை நிறுத்தாமல் பேசினாள். டாக்டர் எந்த ஊரில் கூட்டத்தில் பேசினாலும் மகளை விட்டு அவருக்கு ஃபோன் போடச் சொல்கிறாள். அவரும் எடுக்கிறார். "அனுப்பி வைக்கிறேம்மா" என்கிறார். "ஒருநா அவங்கூட்டம்மாவே எட்த்துச்சு. தூக்கான்னு கேட்டுச்சு. அதுல சக்கர போட்டு வச்சிக்கீதாம். காலி ஆனதும் அனுப்புதாம்" என்றாள்.

அந்த வீட்டுச் சமையலறையில், சர்க்கரை நிரம்பிய தூக்கின் வயிற்றில், பாத்திரக் கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'குப்பம்மா' என்று இருக்கிறது. டாக்டர் தினமும் டீ குடிக்கிறவர். சர்க்கரை இன்னும் தீரவில்லையாம்.